தேசிய துடுப்புப் படகுப் போட்டியைத் திருகோணமலையில் நடத்தலாமா? எந்தத் தண்ணீர், எந்த மாதம், எத்தனை மணிக்கு?

பாலையூற்றான்
வணக்கம். எங்கள் கழகத்தில் மூன்று கிழமையாக இதே கதைதான். துடுப்புப் படகோட்டத்தின் தேசிய சம்பியன்ஷிப்பை ஒரு தடவையாவது திருகோணமலைக்குக் கொண்டுவர வேண்டும் என்கிறார்கள். முன்மொழிவு எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது, நானும் விருப்பத்தோடுதான் எடுத்துக்கொண்டேன். இந்த விளையாட்டு இலங்கையில் கொழும்போடு சேர்ந்தே வளர்ந்தது. கொழும்பு ரோயிங் கிளப் தொடங்கியது 1864 இல். பேர வாவி, பொல்கொட, தியவன்னா என்று பழகும் தண்ணீர் எல்லாம் அந்தப் பக்கம்தான். எங்கள் பிள்ளைகள் ஏறக்குறைய 260 கிலோமீற்றர் இரவு பஸ்ஸில் போய், விடியப்புறம் இறங்கி முகம் கழுவிவிட்டு, இரவல் படகில் ஏறிப் போட்டி போடுகிறார்கள். துறைமுகத்தைச் சுற்றிப் பிறந்த பிள்ளைகளுக்கு இந்த நிலை என்பது எனக்குத் தாங்கவில்லை.

என் யோசனை இதுதான். இடம் உட்துறைமுகம். 2000 மீற்றர் நேர்த்தண்ணீர் வேண்டும், ஆறு பாதைகள், பாதைக்கு 13.5 மீற்றர் என்றால் அகலம் 81 மீற்றர், அப்புறம் பயிற்சிக்கும் திரும்பிப் போவதற்கும் பக்கத்தில் கொஞ்சம். மாதம் ஆகஸ்ட். பாடசாலை விடுமுறை, மழை குறைவு, நிலாவெளிக் கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்கும் காலம். என்ன சொல்கிறீர்கள்? குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

கரைவலை
தம்பி, ஆகஸ்ட் என்று எழுதியிருக்கிறீர்கள், அதை முதலில் அழித்துவிடுங்கள். வைகாசியிலிருந்து புரட்டாசி வரை இங்கே கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று. நிலாவெளியில் கடல் அமைதியாகத் தெரிவதற்குக் காரணம் காற்று இல்லாதது அல்ல, காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிறது, அலை கரையை விட்டு அப்பால் போகிறது. கரையில் நிற்கும் வெள்ளைக்காரருக்கு அது தெரியாது, இரண்டு கட்டை (மைல்) தள்ளி வலை போட்டவனுக்குத் தெரியும். அதே காற்று தம்பலகாமம் குடாவிலும் சீனன்குடாப் பக்கமும் தண்ணீருக்கு மேல் நீளமாக ஓடி வருகிறது. ஓட ஓட அலை கட்டும், குட்டை அலை, ஒன்றன்பின் ஒன்றாகக் கிட்டக் கிட்ட. என் ஃபைபர் போட்டுக்கே அது முகத்தில் அடிக்கும். உங்கள் மெல்லிய படகு என்ன செய்யும்?

கார்த்திகை, மார்கழி, தையில் வாடையும் மழையும், அது சொல்லத் தேவையில்லை. மிஞ்சுவது மாசிக் கடைசியிலிருந்து சித்திரை நடுப்பகுதி வரை. அதிலும் விடியப்புறம் தொடங்கி ஒன்பது, ஒன்பதரை மட்டும்தான் தண்ணீர் படுத்துக் கிடக்கும். பிறகு கடல்காற்று எழும்பிவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் பெரியது. நீங்கள் தேடுகிற அந்த மூன்று மணித்தியாலம்தான் எங்கள் மணித்தியாலமும். இரவு போனவர்கள் மீனோடு கரைக்கு வருவதும், குடாவுக்குள் நண்டு வலை தூக்குவதும் அப்போதுதான். ஒரு இஞ்சின் போட் குறுக்கே போனால் அதன் அலை உங்கள் போட்டியைக் குழப்பும். எங்களை நிறுத்தினால் எங்கள் மீன் வெயிலில் கிடக்கும். இதைக் கதைக்காமல் வரைபடத்தில் கோடு கீற வேண்டாம்.

வெள்ளவத்தைத் துடுப்பு
மேலே அண்ணன் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். நான் பல வருடம் துடுப்பு வலித்தவன், இப்போது நடுவர் வேலை செய்கிறேன். ஒற்றையர் படகின் குறைந்தபட்ச நிறை 14 கிலோ, நீளம் எட்டு மீற்றருக்குச் சற்று மேல், தண்ணீரில் தொடும் அகலம் ஒரு முழம்கூட இல்லை. பின்காற்று, எதிர்காற்று இரண்டையும் ஓரளவுக்கு ஏற்கலாம், எல்லோருக்கும் ஒரே மாதிரி என்பதால். பக்கக்காற்றுதான் நஞ்சு. கரையோரப் பாதைக்கு மரமோ மேடோ மறைப்புக் கொடுக்கும், வெளிப்பாதைக்காரன் அலையோடு மல்லுக்கட்டுவான். இரண்டு வருடம் பயிற்சி செய்த பிள்ளை எந்தப் பாதை கிடைத்தது என்பதால் தோற்கும். அப்படி ஒரு முடிவுக்கு வெள்ளைக் கொடி உயர்த்த எனக்கு மனம் வராது.

ஒரு அனுபவம் சொல்கிறேன். இடம் வேண்டாம். முதல் போட்டி ஆறரைக்கு என்று அறிவித்திருந்தார்கள். பிரதம விருந்தினர் வரப் பிந்தியது, விளக்கேற்றி, பேசி முடிக்க எட்டே முக்கால். என் ஒற்றையர் முறை வந்தபோது காற்று எழும்பிவிட்டது. 1200 மீற்றர் அடையாளத்துக்குக் கிட்ட படகுக்குள் தண்ணீர் ஏறி நிரம்பிவிட்டது, கவிழ்ந்தேன். மீட்புப் படகு விருந்தினரைச் சுற்றிக் காட்டப் போயிருந்தது. படகை விடாதே என்று பயிற்றுவிப்பாளர் சொல்லித் தந்தது மட்டும் ஞாபகம் இருந்தது, இருபது நிமிடம் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தேன். அன்றைக்குப் பிறகு எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது இரண்டு விஷயம்: விழா எத்தனை மணிக்கு, மீட்புப் படகுக்கு வேறு ஏதும் வேலை கொடுத்திருக்கிறீர்களா. விழாவைப் பின்னேரம் நகரத்தில் வையுங்கள். காலை தண்ணீருக்கு.

மட்டிக்களி
உட்துறைமுகம் என்றால் கடற்படை அனுமதி, துறைமுக அதிகாரசபை அனுமதி இரண்டும் வேண்டும். கோதுமைக் கப்பலும் சீமெந்துக் கப்பலும் வந்துபோகிற தண்ணீர் அது. கப்பல் வந்தால் எங்கள் போட்டி நிற்கும், எங்களுக்காகக் கப்பல் நிற்காது.

பேராற்றுக்கரை
ஸலாம். நான் கந்தளாய். எல்லோரும் கடலையே பார்க்கிறீர்கள், நம் மாவட்டத்திலேயே ஒரு குளம் கிடக்கிறது. கந்தளாய்க் குளத்தின் அணைக்கட்டு மட்டும் நான்கு கிலோமீற்றருக்கு மேல். பட்டினத்திலிருந்து 40 கிலோமீற்றர் அளவில்தான், ரயிலும் வருகிறது. கப்பல் இல்லை. உப்பு இல்லை, அதனால் போட்டி முடிந்து ஒவ்வொரு படகையும் நல்ல தண்ணீரால் கழுவ பவுசர் தேடி ஓடத் தேவையில்லை.

ஆனால் குளத்துக்கும் ஒரு கலண்டர் இருக்கிறது. வாடை மழையில் குளம் நிரம்பும். பெரும்போக அறுவடை முடிகிற பங்குனியில் தண்ணீர் நல்ல மட்டத்தில் நிற்கும். சித்திரையிலிருந்து சிறுபோகத்துக்குத் திறப்பார்கள், ஆவணி புரட்டாசியில் கரை உள்ளே போய்விடும், கட்டைகள் தலைகாட்டும். கரைவலை காக்கா சொன்ன மாதமும் குளத்தின் மாதமும் ஒன்றாகவே வருகிறது, கவனியுங்கள்.

ஒரு வேண்டுகோள். அணைக்கட்டின்மேல் லொறி, ரெயிலர் எதையும் ஏற்ற நினைக்காதீர்கள். 1986 ஏப்ரலில் இந்த அணை விடியுமுன் உடைந்து ஊர்கள் அடிபட்டுப் போயின. கனரக வாகனங்கள் அதன்மேல் ஓடியதும் ஒரு காரணம் என்று இன்றைக்கும் பேசுவார்கள். எங்கள் ஊரில் அது பழைய கதை இல்லை. படகு இறக்க வேறு கரை காட்டுகிறேன்.

மட்டிக்களி
முதலை?

பேராற்றுக்கரை
இருக்கிறது. இல்லை என்று சொன்னால் பொய். எந்தக் கரையில் கிடக்கும், எந்த நேரம் வெயில் காயும் என்பது குளத்தில் மீன் பிடிக்கிறவர்களுக்குத் தெரியும். அந்தக் கரையைத் தவிர்த்துத்தான் இறங்குதுறை அமைக்க வேண்டும். போட்டி நடக்கிற மூன்று நாளும் வனசீவராசிகள் திணைக்களத்தின் ஆட்கள் தண்ணீரில் நிற்க வேண்டும். பிள்ளைகளைக் கரையில் கால் நனைக்க விடக்கூடாது.

பாலையூற்றான்
இரண்டு நாள் யோசித்தேன். ஆகஸ்ட் போய்விட்டது, ஒப்புக்கொள்கிறேன். கந்தளாய் எனக்குத் தோன்றவே இல்லை, பட்டினத்தில் பிறந்தவனுக்குத் தண்ணீர் என்றால் கடல் என்று ஆகிவிட்டது.

இப்போது என்னை உறங்கவிடாதது மிதவைதான். அல்பானோ முறை என்கிறார்கள், 1960 ரோம் ஒலிம்பிக்கின்போது அல்பானோ ஏரியில் வந்த முறை. பாதைகளுக்கு நடுவே நீளவாக்கில் கம்பி இழுத்து, அதில் 10 அல்லது 12.5 மீற்றருக்கு ஒரு மிதவை. ஆறு பாதைக்கு ஏழு கோடு. 12.5 மீற்றர் கணக்கில் ஒரு கோட்டுக்கு 161, ஏழு கோட்டுக்கு 1127 மிதவை. முதல் 100 மீற்றருக்கும் கடைசி 250 மீற்றருக்கும் நிறம் வேறாக இருக்க வேண்டும். மிதவை மென்மையாகவும் சிறியதாகவும் இருக்க வேண்டும், துடுப்பு பட்டால் உடையக்கூடாது. கம்பி மட்டும் 14 கிலோமீற்றர்! நான்கு பாதையாகக் குறைத்தால் ஐந்து கோடு, 805 மிதவை. அப்படிச் செய்யலாமா?

வெள்ளவத்தைத் துடுப்பு
மிதவையைக் குறைத்தால் போட்டி எண்ணிக்கை கூடும், அந்த இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். கணக்கைப் பாருங்கள்.

பங்குனியில் சூரியன் எழும்புவது ஆறு மணி தாண்டி. 6.20க்கு முதல் போட்டி, 9.20க்குள் கடைசியும் முடிய வேண்டும் என்று வைப்போம். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஒரு காலையில் 18, மூன்று காலையில் 54. ஒரு பிரிவில் 11 படகு வந்தால் வழக்கமான முறைப்படி இரண்டு தகுதிச் சுற்று, தோற்றவர்களுக்கு மறுவாய்ப்புச் சுற்று இரண்டு, இறுதிப்போட்டி ‘ஏ’, ‘பி’, மொத்தம் ஆறு. அப்படியானால் 54 இடத்தில் ஒன்பது பிரிவுதான் அடங்கும். ஆண், பெண், கனிஷ்டர் எல்லாம் வைத்துப் பார்த்தால் காணாது.

என் யோசனை: தகுதிச் சுற்றை நேரச் சோதனையாக வையுங்கள். ஒரு நிமிட இடைவெளியில் ஒவ்வொரு படகாக விட்டால் 11 படகும் 20 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அப்புறம் நேரப்படி ‘ஏ’ இறுதிக்கு ஆறு, ‘பி’ இறுதிக்கு ஐந்து. ஒரு பிரிவுக்கு 40 நிமிடம். அதே மூன்று காலையில் 13 பிரிவு அடங்கும். நான்கு பாதை என்றால் ‘சி’ இறுதியும் வேண்டிவரும், 50 நிமிடம் ஆகும், பத்துப் பிரிவோடு நிற்கும். ஆகவே என் வாக்கு ஆறு பாதைக்குத்தான். கம்பியையும் மிதவையையும் தேசிய துடுப்புப் படகுச் சங்கத்திடம் இரவலாகக் கேளுங்கள். புதிதாக வாங்கும் காசில் இரண்டு படகு வாங்கலாம்.

மறுவாய்ப்புச் சுற்று இல்லாமல் போவதில் எனக்குக் கவலை உண்டு. காலையில் ஒரு தடவை தடுமாறிய பிள்ளைக்கு இரண்டாவது வாய்ப்பு என்பது இந்த விளையாட்டின் நல்ல குணம். ஆனாலும் பத்தரை மணிக் காற்றில் கொடுக்கும் வாய்ப்பு வாய்ப்பே இல்லை.

ஆழமும் பாருங்கள். அடி மேடு பள்ளமாக இருந்தால் ஆழம் குறைந்த பாதையில் படகு இழுபடும், வலிக்கிறவனுக்கு உடனே தெரியும். எங்கேயும் மூன்று மீற்றருக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று வைத்து அளவுங்கள். அணைக்கட்டின் கல்லில் அலை மோதித் திரும்பி வரும், அதனால் முதலாவது பாதையை அணைக்கு ஒட்டி வைக்காதீர்கள், சனம் கிட்ட நின்று பார்க்க ஆசைப்பட்டாலும்.

கரைவலை
மிதவைக்கு நங்கூரம் என்ன போடப்போகிறீர்கள்? கொங்கிறீட் கட்டி போட்டுவிட்டு போட்டி முடிந்ததும் கயிற்றை வெட்டிவிட்டுப் போகிற வேலை வேண்டாம். அந்தக் கட்டி கிடக்கிற காலம் முழுக்க வலை கிழியும், குளத்திலும் வலை போடுகிற குடும்பங்கள் இருக்கின்றன. மணல் மூட்டை போடுங்கள், ஒவ்வொன்றுக்கும் இலக்கம் எழுதுங்கள், போட்டது எத்தனையோ எடுத்ததும் அத்தனை என்று மீனவர் சங்கத் தலைவரிடம் கையெழுத்து வாங்குங்கள். இதைச் செய்தால் அடுத்த வருடமும் உங்களை வரவேற்பார்கள்.

நாள் பற்றியும் கேளுங்கள். முஸ்லிம் தொழிலாளர் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடியும்வரை தொழிலுக்குப் போவதில்லை. கத்தோலிக்கர் ஞாயிறு போவதில்லை. குளத்தில் யார் எந்த நாள் வலை போடுகிறார்கள் என்று கேட்டு, வெள்ளி, சனி, ஞாயிறு என்று அடுக்கினால் இரண்டு நாள் பாரம் குறையும். மிச்ச நாளுக்கு அவர்களின் தோணிகளையே மீட்புக்கும் காவலுக்கும் கூலி பேசி எடுங்கள். வலை போடாத நாளின் வருமானம் அதில் வந்துவிடும், உங்களுக்கும் குளம் தெரிந்த ஆள் கிடைக்கும்.

உவர்மலை அம்மா
என் மகள் நாலுபேர் படகில் வலிக்கிறாள், அதனால் நானும் சொல்கிறேன். முன்மொழிவில் பிள்ளைகள் தங்குகிற இடத்துக்கு இரண்டு பக்கமாவது ஒதுக்குங்கள். பெண் பிள்ளைகளுக்கு உடை மாற்றத் தனி இடமும் கழிப்பறையும் இறங்குதுறைக்குப் பக்கத்தில் வேண்டும். 300 மீற்றர் தள்ளி இருக்கிற பாடசாலைக் கழிப்பறையைக் காட்டாதீர்கள். போன தடவை அந்தத் தூரத்துக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டு, கரைக்கு வந்ததும் மயங்கி விழுந்த பிள்ளையை நான்தான் மடியில் போட்டு ஜீவனி கரைத்துக் கொடுத்தேன்.

தொடக்கத்தில் படகின் வாலைப் பிடித்துக்கொண்டு மிதப்புத் தட்டில் குப்புறப் படுத்திருக்கிற பிள்ளைகளையும் யாரும் நினைப்பதில்லை. வழக்கமாகச் சாரணர்களை விடுவார்கள். மூன்று மணித்தியாலம் வெயிலில் படுத்திருப்பது சின்ன வேலையா? மணிக்கு ஒரு தடவை ஆள் மாற்றுங்கள், பாதுகாப்பு அங்கி போடுங்கள், இளநீர் கொடுங்கள். அவர்களுக்கும் பதக்கம் இல்லாவிட்டாலும் ஒரு சான்றிதழ்.

சாப்பாட்டுக்குக் காலை நாலரைக்கு இடியப்பமும் சொதியும் கொடுக்கத் தயாரான பெண்கள் சங்கம் கந்தளாயில் இருக்கிறதா? பேராற்றுக்கரை தம்பி விசாரித்துச் சொல்லுங்கள். போட்டி முடிந்து பத்து மணிக்குச் சோற்றுப் பார்சல்.

பேராற்றுக்கரை
இருக்கிறார்கள் அக்கா, கல்யாண வீட்டுக்கே 500 பேருக்குச் சமைக்கிறவர்கள். கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

படகு ஏற்றி வருகிறவர்களுக்கு ஒன்று. ஹபரணையிலிருந்து கந்தளாய் வரை இருட்டினால் யானை. எட்டுப் பேர் படகைத் துண்டாகக் கழற்றினாலும் ரெயிலர் நீளமானது, யானையைக் கண்டு பின்னுக்கு எடுக்க முடியாது. நான்கு மணிக்கு முன் ஹபரணையைத் தாண்டிவிட வேண்டும் என்று எல்லாக் கழகத்துக்கும் எழுத்தில் கொடுங்கள்.

உப்புவெளி
நான் வேறு மாதிரிச் சொல்லட்டா? 2000 மீற்றரை விட்டுவிட்டு கடற்கரை ஸ்பிரின்ட் நடத்துங்கள். மணலில் ஓடிப்போய்ப் படகில் ஏறி, மிதவைகளை வளைந்து வளைந்து 250 மீற்றர் போய், திரும்பி நேரே வந்து, மறுபடி ஓட்டம். ஒரு தடவைக்கு இரண்டு படகு. 2028 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் முதல் தடவையாக வருகிறது. ஒற்றையர் கடற்படகு ஆறு மீற்றர் நீளம், 35 கிலோ, சின்ன அலைக்குக் கவிழாது. 1127 மிதவை தேவையில்லை. எங்கள் கரைக்குப் பொருத்தமானது இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வெள்ளவத்தைத் துடுப்பு
நல்ல யோசனை, ஆனால் அது வேறு போட்டி, வேறு படகு. தேசிய சம்பியன்ஷிப்புக்கு 2000 மீற்றர் பயிற்சி செய்த பிள்ளைகளிடம் போய் இதைச் சொல்ல முடியாது. தனியாக ஒன்று நடத்துங்கள், நான் நடுவராக வருகிறேன், செலவு என்னுடையது.

கரைவலை
உப்புவெளியில் செய்தால் கச்சான் மாதத்திலும் விடியப்புறம் நடத்தலாம். ஆனால் காவல் தோணிகள் திரும்புகிற மிதவைக்கு வெளிப்பக்கம் நிற்க வேண்டும். காற்று வெளியேதான் தள்ளும், துடுப்பை விட்டவன் கரைக்கு வரமாட்டான்.

பாலையூற்றான்
சரி. முன்மொழிவை இப்படித் திருத்துகிறேன். 2000 மீற்றர் கந்தளாய்க் குளத்தில், பங்குனியில், கோணேசர் ஆலயத் திருவிழாவோடும் நோன்போடும் மோதாத ஒரு வெள்ளி, சனி, ஞாயிறு. காலை 6.20 முதல் 9.20. இடி கேட்டால் கடைசி இடிக்குப் பிறகு அரை மணித்தியாலம் யாரும் தண்ணீரில் இல்லை. விழா சனிக்கிழமை பின்னேரம் பட்டினத்தில். நீர்ப்பாசனத் திணைக்களத்திடம் மட்டமும் திறப்புத் திகதியும் கேட்டு எழுதுவதும், குளத்து மீனவர் சங்கத்தைச் சந்திப்பதும் கூட்டத்துக்கு முன்னரே நடக்க வேண்டும். அனுமதி கிடைத்த பிறகு போய் அறிவிப்பது மரியாதை இல்லை. உப்புவெளி ஸ்பிரின்டுக்குத் தனியாக ஒரு பக்கம் எழுதுகிறேன், அதை நான் கைவிடவில்லை.

ஆழம் அளக்காமல் இதை அனுப்ப எனக்கு மனமில்லை. வருகிற ஞாயிறு யார் வரமுடியும்? என்னிடம் ஜீபீஎஸ் இருக்கிறது, காற்று அளக்கிற சின்னக் கருவி ஒன்று இரவல் வாங்குகிறேன். ஐம்பது மீற்றருக்கு ஓரிடம் என்று 2000 மீற்றரையும் அளந்தால் 41 இடம், அதை மூன்று கோட்டில் செய்ய வேண்டும்.

பேராற்றுக்கரை
தோணி ஒழுங்கு செய்துவிட்டேன், சங்கச் செயலாளரும் வருகிறேன் என்றார். ஐந்தேகாலுக்குக் கரையில் நில்லுங்கள், பிளேன்டீ என் வீட்டில்.

கரைவலை
நான் சனி இரவே வந்துவிடுகிறேன். ஈயக்குண்டு கட்டின கயிறு இருக்கிறது, பாகத்துக்குப் பாகம் (ஏறக்குறைய ஆறடிக்கு ஒன்று) முடிச்சுப் போட்டது. மீற்றருக்கு வேறு நிறத் துணி கட்டித் தருகிறேன், நீங்கள் இலக்கத்தை எழுதுங்கள்.